பணியக்கணக்கு லெட்சுமியை நான் சாகடித்த கதை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். "கொஞ்சம் உற்சாகமூட்டுற மாதிரி எழுதுங்க மிஸ்" என்று வேறு சொன்னார்கள். ஓய்வு பெற்றவளிடம் போய் உற்சாகத்தைக் கேட்டால் எப்படி? என்னிடம் இருப்பவை முழங்கால் வலியும் நான் செய்த தவறுகளும்தான். முழங்கால் வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். ஆகவே மற்றதை எழுதுகிறேன்.

நமது நிறுவனத்தின் வளர்ச்சியைப் பற்றி வரவேற்பறையில் ஒரு சிற்றேடு வைத்திருக்கிறார்கள். பளபளப்பான தாள். அதன் நான்காம் பக்கத்தில் நான் ஒரு வயதான அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நிற்கிறேன். அடியில் 'கனிவின் கரங்கள்' என்று போட்டிருக்கிறார்கள். அந்தப் படத்தை எடுத்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா என்னிடம், "கைய விடு மகளே, ஒன்னுக்குப் போவணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது சிற்றேட்டில் இல்லை. இன்னும் பல விஷயங்கள் அதில் இல்லை.

ஆரம்பத்தில் நாங்கள் மூன்று பேர். மஸ்கெலியா பஸார் வீதியில் ஒரு துணிக்கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் அலுவலகம். பணிப்பாளர், ஓய்வு பெற்ற பாடசாலை அதிபர். அவரை எல்லோரும் 'சேர்' என்றுதான் கூப்பிடுவோம். மனிதர் நல்லவர். எதையும் திட்டமாக எழுதி, கீழே கோடு போட்டுவிட்டால் அது நடந்துவிட்டது என்று நம்புகிறவர். இரண்டாவது ஆள் நான். அதற்கு முன் ஒரு தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விட்டுச்செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களைச் சமாளித்தவள் அறுபதுக்கு மேலே உள்ளவர்களைச் சமாளிக்க மாட்டாளா என்று சேர் கணக்குப் போட்டார். வித்தியாசம் முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. குழந்தைகள் திட்டினால் பொருள் விளங்காது.

மூன்றாவது ஆள், எங்களுக்கு ஆட்டோ ஓட்டியவர். வயது ஐம்பதுக்கு மேல். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த உருப்படியான விஷயங்களில் பாதி அவர் சொல்லித்தந்தவை. பெயரை மட்டும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். "பேரு போட்டீங்கன்னா, ஊருக்கெல்லாம் புத்தி சொல்ற மனுசன் வீட்டுல ஏன் இப்பிடி இருக்கீங்கன்னு பொஞ்சாதி கேப்பா" என்பது அவர் சொன்ன காரணம். நியாயமான காரணம்.

முதல் வேலையாக ஒரு பகல்நேர நிலையத்தைத் திறந்தோம். நாற்காலிகள், கெரம் பலகை, வானொலி, பிஸ்கட் எல்லாம் இருந்தன. முதியோருக்கு உடற்பயிற்சி அவசியம் என்று சேர் எங்கோ படித்திருந்தார். அதற்காகக் கொழும்பிலிருந்து ஒரு பெண் பிள்ளையை வரவழைத்தார். பணியக்கணக்கிலிருந்து, அதாவது தோட்டத்தின் கீழ்ப்பிரிவிலிருந்து, பன்னிரண்டு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். அத்தனை பேரும் வாழ்நாள் முழுக்கக் கொழுந்து எடுத்தவர்கள்.

"எல்லாரும் ரெண்டு கையையும் மெதுவா மேல தூக்குங்க. இப்ப அப்படியே முன்னால நீட்டுங்க" என்றாள் பயிற்சி தர வந்தவள்.

முன்வரிசையில் லெட்சுமி என்று ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். எழுபதை நெருங்கிய வயது. தனிக்கட்டை. உருவம் சின்னது, குரல் மட்டும் மலைக்கு மலை கேட்கும். அவர் கையைத் தூக்கவில்லை.

"ஏம்மா, கை வலிக்குதா?"

"வலிக்கல தங்கச்சி. நாப்பத்திரெண்டு வருசம் தூக்குன கை இது. கங்காணி சொல்லித் தூக்குனேன், கணக்கப்புள்ள சொல்லித் தூக்குனேன். வேலைய விட்டு நின்னப்புறமும் ஒருத்தி சொல்லி நான் கையத் தூக்கணுமா?"

சொல்லிவிட்டு எழுந்து போனார். மற்ற பதினொரு பேரும் பின்னாலேயே எழுந்து போனார்கள். பிஸ்கட்டுகளும் போயின. அந்தப் பிள்ளை மட்டும் தூக்கிய கையோடு நின்றாள்.

அடுத்த இரண்டு கிழமை நிலையத்துக்கு ஒருவரும் வரவில்லை. சேர் இன்னொரு திட்டம் எழுதிக் கோடு போட்டார். நான் கெரம் ஆடப் பழகினேன். ஒரு நாள் ஆட்டோக்காரர் வாசலில் நின்றபடி கேட்டார்:

"மிஸ், அவங்கள இங்க வாங்க வாங்கன்னு கூப்புடுறீங்க. அவங்க எங்க போகணும்னு யாராச்சும் கேட்டீங்களா?"

"எங்க போகணுமாம்?"

"ஆஸ்பத்திரிக்கு. கச்சேரிக்கு, அதான் கவர்மெண்ட் ஆபீசுக்கு. தபால் கந்தோருக்கு. கொண்டுபோய் விடுறதுக்கு நான் இருக்கேன். 'நீயும் கூட உள்ள வாப்பா, டாக்டர் என்ன சொல்றாருன்னு வெளங்க மாட்டேங்குது'ன்னு எல்லாரும் கேக்குறாங்க. நான் உள்ள போனா வண்டிய யாரு பாக்குறது?"

நமது நிறுவனம் பிறந்தது அந்தக் கேள்வியில்தான். சிற்றேட்டில் 'தேவை மதிப்பீட்டு ஆய்வு' என்று எழுதியிருப்பார்கள். ஆய்வும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஒரு மனிதர் வண்டியை நிறுத்த இடமில்லாமல் சலித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து நான் கூடப் போக ஆரம்பித்தேன். கிளினிக்கில் வரிசையில் நிற்பது, மருத்துவர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சொல்வதைத் தமிழில் சொல்வது, அவர்கள் கேட்க வெட்கப்படுவதைக் கேட்பது, பிறகு அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயம்வரை கொண்டுவந்து விடுவது. முதன்முதலில் கூட்டிப்போனது அதே லெட்சுமியைத்தான். கண்ணில் வெள்ளை விழுந்திருந்தது. ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ இவ்வளவு கறுப்பா மகளே? கொரல வச்சி செவப்புன்னுல்ல நெனச்சேன்" என்றார். தாதிமார் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிக்க வேண்டியதாயிற்று.

அவர் லயத்துக்குப் போய்ப் பேசிய பேச்சே எங்களுக்கு விளம்பரமானது. ஒரு தோட்டம் மூன்று தோட்டமாயிற்று. பிறகு வட்டவளைப் பக்கத்துத் தோட்டங்களும் சேர்ந்து பதினொன்றாயிற்று. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு தொண்டர், அலுவலகத்துக்குக் கணினி, சேருக்குச் சுழல் நாற்காலி எல்லாம் வந்தன. அதோடு பட்டியல்களும் வந்தன.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். நாங்கள் மூன்று பேராக இருந்த காலத்தில், எந்த முதியவர் எந்த லயத்தில் இருக்கிறார் என்று நாங்கள் எழுதிக்கொடுத்தால் அரசாங்க அலுவலகத்தில் யாரும் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். தாங்களே விசாரித்துத்தான் எழுதுவார்கள். வளர்ந்த பிறகு நிலைமை மாறியது. மாதாமாதம் நாங்கள் அனுப்பும் பட்டியலை, யார் இடம் மாறினார், யார் படுக்கையில் விழுந்தார், யார் இறந்தார் என்பதையெல்லாம், பிரதேச செயலகத்தில் அப்படியே எடுத்துப் பதிந்துகொண்டார்கள். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. நாம் சொல்வதை நம்புகிறார்கள் என்றால் நாம் செய்யும் தவறையும் சேர்த்து நம்புவார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பணியக்கணக்கில் ஒரு லெட்சுமி இருந்ததைப் போல, அதே தோட்டத்தின் மேற்கணக்கிலும் ஒரு லெட்சுமி இருந்தார். நெடுநாள் படுக்கையில் கிடந்து அவர் இறந்துபோனார். செய்தி கிடைத்ததும் நானே போனேன். மாலை போட்டேன், மகளைக் கட்டிப்பிடித்து அழுதேன், தேத்தண்ணி குடித்தேன். ஆகவே எந்த லெட்சுமி இறந்தார் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. சந்தேகம் இருந்திருந்தால் சரிபார்த்திருப்பேன். அலுவலகத்துக்கு வந்து கணினியைத் திறந்தேன். அடுத்தடுத்த வரிகளில் இரண்டு லெட்சுமிகள். பெயருக்கு முன்னால் இருந்த தலையெழுத்து மட்டும்தான் வேறு. மழையில் நனைந்த சேலையோடு, யாரோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்க, ஒரு வரியைத் தொட்டு 'காலமானார்' என்று குறித்தேன். அச்செடுத்தேன். கையெழுத்துப் போட்டேன். அனுப்பினேன்.

அந்த மழை நாட்களில் பணியக்கணக்கு லயத்துக்குப் பின்னால் இருந்த மண் இறங்கத் தொடங்கியது. சுவர்களில் விரல் போகும் அளவுக்கு வெடிப்பு. அங்கிருந்த குடும்பங்களுக்கு வேறிடத்தில் வீடுகள் கட்டி முடித்திருந்தார்கள். யார் யாருக்கு வீடு என்ற பட்டியல் தோட்டத்து அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை ஆட்டோக்காரர் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். அவர் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை.

"மிஸ், நல்ல செய்தி ஒன்னு, கெட்ட செய்தி ஒன்னு. பணியக்கணக்கு லெட்சுமியம்மா நல்லாருக்காங்க. இப்பதான் பாத்துட்டு வாறேன்."

"கெட்ட செய்தி?"

"நம்ம ஆபீஸ் அவங்கள கொன்னுருச்சி. வீட்டு லிஸ்ட்டுல அவங்க பேரு இல்ல. கிராம சேவகர் மாத்தயாகிட்ட கேட்டேன். செத்துட்டாங்கன்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்கன்னு கடுதாசியக் காட்டுறாரு. ஒங்க கையெழுத்து."

அவர் விடவில்லை. "அந்த வீட்ட அடுத்த பேருக்கு எழுதிட்டாங்க. வெயாழக்கெழம லிஸ்ட் நுவரெலியா பெரிய ஆபீசுக்குப் போகுதாம். போயிட்டா அப்புறம் மாத்த ஏலாது."

சேரிடம் ஓடினேன். அவர் முகம் வெளிறிவிட்டது. காரணம் இருந்தது. அடுத்த திங்கட்கிழமை பிரதேச செயலகம் எங்களோடு ஓர் ஒப்பந்தம் செய்வதாக இருந்தது. பிரிவு முழுவதற்குமான முதியோர் சேவையை எங்களிடம் ஒப்படைக்கப் போகிறார்கள். சேர் அதற்காக நான்கு வருடம் அலைந்திருந்தார்.

"திங்கக்கிழமை கழியட்டும். அதுக்குப் பொறகு மெதுவா திருத்திக்கலாம்" என்றார்.

வாசலில் நின்ற ஆட்டோக்காரர், "செத்தவங்கள எழுப்புறதுக்கு நல்ல நாள் பாக்கணுமா சேர்?" என்று கேட்டார்.

"அப்பன்னா கம்பியூட்டர்ல பிழைன்னு ஒரு கடிதம் குடுப்போம்."

அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இதை நான் மறைக்கப் போவதில்லை. உட்கார்ந்து தட்டச்சே செய்துவிட்டேன். 'கணினியில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு காரணமாக' என்று தொடங்கினேன். படிக்க அழகாக இருந்தது. கணினியும் மறுத்துப் பேசவில்லை. இரண்டாவது வாக்கியத்துக்கு வந்தபோதுதான் கை நின்றது. கோளாறு என்று சொன்னால் என்ன கோளாறு என்று கேட்பார்கள். பார்க்க ஓர் ஆளை அனுப்புவார்கள். அவர் ஓர் அறிக்கை எழுதுவார். அறிக்கை வருவதற்குள் வேறு யாராவது அந்த வீட்டில் அடுப்பு மூட்டியிருப்பார்கள். 'நான் தவறாக எழுதிவிட்டேன்' என்று ஓர் ஆள் நேரில் வந்து நின்றால் விசாரிக்க ஒன்றுமில்லை. அன்றைக்கே திருத்தலாம். ஆக, நான் உண்மையைச் சொல்ல முடிவெடுத்தது நேரம் போதாமல்தான். என்னை அரிச்சந்திரன் பரம்பரை என்று எவரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது.

கடிதத்தை அழித்தேன். புதன்கிழமை காலை முதலில் லெட்சுமியைப் பார்க்கப் போனேன்.

அவர் தன் ஒற்றை அறைக் காம்பரா வாசலில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். பின்சுவர் வெடிப்பில் சாக்கை அடைத்து வைத்திருந்தார். என்ன சொல்வதென்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், "அம்மா, நீங்க செத்துட்டீங்கன்னு நான் கவர்மெண்டுக்கு எழுதிட்டேன்" என்றேன்.

கை நின்றது. என்னைப் பார்த்தார்.

"எப்ப?"

"போன மாசம்."

"கருமாதி எல்லாம் வச்சீங்களா? சோறு போட்டீங்களா? என்னைய ஏன் கூப்புடல?"

சிரிக்க ஆரம்பித்தார். பக்கத்துக் காம்பராவைக் கூப்பிட்டு, "அடியே, நான் செத்து ஒரு மாசமாச்சாம், கேட்டியா!" என்று கத்தினார். நானும் அசட்டுத்தனமாகச் சிரித்தேன். பிறகு வீட்டு விஷயத்தைச் சொன்னேன். உங்கள் பெயர் பட்டியலில் இல்லை, வேறொருவர் பெயரை எழுதிவிட்டார்கள் என்றேன்.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கையிலிருந்த மாவை ஒவ்வொரு விரலாக வழித்துச் சட்டியில் போட்டார். குரல் பெரிய மனுஷி பேசாமல் இருந்தால் எப்படியிருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"மகளே, நான் இந்தத் தோட்டத்துலதான் பொறந்தேன். இந்த நாட்டு ஆளு இல்லேன்னு சொல்லி பாதி ஆயுசு வரைக்கும் எனக்கு ஒரு துண்டு கடுதாசி தரல. அந்த ஐடென்டி கார்ட்ட வாங்க எத்தன தடவ நடந்தேன் தெரியுமா? அத வாங்கிட்டு வந்தன்னைக்கி சாமி படத்துக்குக் கீழ வச்சி கும்புட்டேன். அத்தன வருசம் நடந்து வாங்குனத நீ ஒரு தட்டுல தட்டிட்டியே."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். கையை உயர்த்தித் தடுத்தார்.

"அழுவாத. அழுதா நான்தான் ஒனக்குத் தேத்தண்ணி ஊத்தணும். ஆபீசுக்கு எப்ப போறது, அதச் சொல்லு."

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆட்டோக்காரரும் லெட்சுமியும் நானுமாக ஆட்டோவில் பிரதேச செயலகத்துக்குப் போனோம். கல்யாணத்துக்குக் கட்டும் பச்சைச் சேலையை லெட்சுமி கட்டியிருந்தார். பிணம் மாதிரித் தெரியக் கூடாதாம். சேர் தனியாகப் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். வந்தார். அதற்காக அவருக்கு என்றைக்கும் என் மரியாதை உண்டு.

முதல் மேசையில் இருந்த பெண் உத்தியோகத்தர் கோப்பைப் புரட்டிவிட்டு, "இவர் இறந்துவிட்டார். உயிரோடு இருப்பதற்குக் கிராம சேவகர் அத்தாட்சி தர வேண்டும்" என்று சிங்களத்தில் சொன்னார். கோப்பில் இறந்தவருக்கு எப்படி அத்தாட்சி தருவது என்று கிராம சேவகர் ஏற்கனவே கேட்டிருந்தார். இரண்டு பேரும் சட்டப்படி சரிதான். நான் விளக்கம் சொல்லத் தொடங்குவதற்குள் லெட்சுமி மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து, "மம மெரிலா நே நோனா. மே இன்னே!" என்றார். நான் சாகவில்லை, இதோ இருக்கிறேன் என்று. மண்டபத்திலிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். உத்தியோகத்தருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கோப்பை எடுத்துக்கொண்டு எங்களை உள்ளே, பிரதேச செயலாளரிடம் அழைத்துப்போனார்.

அவர் பொறுமையாகக் கேட்டார். நான் எழுதிக்கொண்டு போன கடிதத்தைப் படித்தார். அதில் இரண்டே வரிதான். இறந்தவர் வேறொருவர், தவறு என்னுடையது. ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து அந்தப் பட்டியலில் திருத்தி, ஓரத்தில் கையெழுத்திட்டார். லெட்சுமியின் வீடு லெட்சுமிக்கே வந்தது. இடையில் எழுதப்பட்ட குடும்பத்தை அவர்களுடைய பழைய வரிசையிலேயே, அடுத்த வீடுகளுக்கு வைத்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கு முதுகெலும்பு மறுபடி நிமிர்ந்தது.

அப்போது அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார். "இந்தப் பெயர் பிழை. உங்கள் பட்டியலில் மற்றப் பெயர்கள் சரியென்று எனக்கு எப்படித் தெரியும்?"

பக்கத்தில் நின்ற எங்கள் சேர் மூச்சை இழுத்துக்கொண்டது கேட்டது. திங்கட்கிழமை ஒப்பந்தம் அந்த மூச்சில் இருந்தது. 'மற்றதெல்லாம் சரி சேர்' என்று சொன்னால் போதும். செயலாளரும் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். மனிதர் நல்ல மனநிலையில் இருந்தார், லெட்சுமியோ அவர் மேசையிலிருந்த பேரப்பிள்ளையின் படத்தைப் பார்த்து யார் இது, யார் இது என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லித்தானே இங்கே வந்து நிற்கிறோம்.

"தெரியாது சேர்" என்றேன் செயலாளரிடம். "ஒவ்வொரு ஆளையும் நேர்ல போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

"எவ்வளவு காலம்?"

"ரெண்டு மாசம்."

"அப்படியென்றால் ஒப்பந்தத்தையும் இரண்டு மாதத்துக்குப் பிறகு பார்ப்போம்."

வெளியே வந்ததும் சேர் பஸ் நிலையத்தை நோக்கி நடந்தார். பல நாள் என்னோடு பேசவில்லை. ஆட்டோக்காரரிடம், நான் செய்தது சரிதானா என்று கேட்டேன். "தெரியாது மிஸ். ஆனா ரெண்டு மாசத்துக்கு வண்டிக்கு ஹயர் நெறைய கெடைக்கும்" என்றார்.

புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று லெட்சுமி என்னையும் சேரையும் முதல் பந்தியில் உட்கார வைத்தார். "இது வீட்டுக்குப் பால் காய்ச்சுற சோறு, எனக்குக் கருமாதிச் சோறும் இதான். ரெண்டு செலவு எதுக்கு" என்று சொல்லிக்கொண்டே பரிமாறினார். சேர் சிரித்துவிட்டார். அதோடு எங்களுக்குள் பேச்சும் தொடங்கியது.

இதோடு முடித்திருந்தால் சிற்றேட்டிலேயே போட்டிருப்பார்கள். முடியவில்லை.

பதினொரு தோட்டத்திலும் லயம் லயமாக நடந்தேன். மழையில் வழுக்கி இரண்டு தடவை விழுந்தேன். இந்த முழங்கால் அப்போது போனதுதான். பட்டியலில் உயிரோடு இருந்த மூன்று பேர் உண்மையில் இறந்து பல மாதமாகியிருந்தது. அது ஒன்றும் அவர்களைப் பாதித்ததாகத் தெரியவில்லை. கடைசிக்கு முந்திய நாள் வட்டவளைப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்குப் போனேன். ஒரு லயத்தின் கடைசிக் காம்பரா வாசலில், பட்டியலில் இல்லாத ஒருவர் உட்கார்ந்திருந்தார். சின்னையா என்று பெயர். ஒரு காலத்தில் தேயிலை ஆலையில் வேலை செய்தவர். மகன் குடும்பத்தோடு கொழும்பில். பார்த்ததும் எழுந்து நிற்க முயன்றார், முடியவில்லை.

கையோடு கொண்டுபோயிருந்த எங்கள் பழைய பட்டியல்களில் தேடிப் பார்த்தேன். அதில் இருந்தார். ஐந்து மாதத்துக்கு முந்தியதில், 'காலமானார்' என்று இருந்தது. தோட்டத் தொண்டர் மாறியபோது யாரோ எழுதியிருக்கிறார்கள். கீழே என் கையெழுத்து. படித்துப் பார்க்காமல் போட்ட கையெழுத்து. புதிதாக வந்த தொண்டருக்குக் கொடுத்த பட்டியலில் அவர் பெயர் இல்லாததால், அவள் அந்த வாசலைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறாள். கிளினிக்குக்கு யாரும் கூட்டிப்போகவில்லை. காலில் இருந்த புண் பெரிதாகி, துணி சுற்றி வைத்திருந்தார்.

"முதியோர் பணம் எடுக்கத் தபால் கந்தோருக்குப் போனீங்களா ஐயா?"

"போனேன் மிஸ். பேரு இல்ல, நீங்க செத்துட்டதா இருக்குன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒன்னும் சொல்லல. வந்துட்டேன்."

"ஏன் ஐயா? உசிரோட நிக்கிறேனேன்னு சொல்லியிருக்கலாமே!"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, மிகவும் மரியாதையாகச் சொன்னார். "பெரிய எடத்துல எழுதியிருக்காங்க. ஏதாச்சும் காரணம் இருக்கும்னு நெனச்சேன். அப்பறம் மிஸ்மாரும் வாரத நிறுத்திட்டாங்க. சரி, அப்ப அப்பிடித்தான் போலன்னு இருந்துட்டேன்."

நானும் அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்தேன். லெட்சுமிக்கு நான் செய்த தவறு ஒரு மாதத்துக்குள் வெளியே வந்தது. அவர் சத்தம் போடுவார், ஊர் கேட்கும், ஆட்டோக்காரர் பட்டியலைப் பார்ப்பார். இந்த மனிதர் சத்தம் போடவில்லை. செயலாளரின் அறையில் 'மற்றதெல்லாம் சரி சேர்' என்று நான் சொல்லியிருந்தால், திங்கட்கிழமை ஒப்பந்தம் முடிந்து, மாலை போட்டுப் படமெடுத்திருப்போம். இவர் இந்த வாசலிலேயே இருந்திருப்பார்.

ஆட்டோவை வரவழைத்து, நாங்கள் இருவருமாகத் தாங்கி ஏற்றி, அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கால் தப்பியது, இரண்டு விரல் போயிற்று. மறு கிழமை நான் மறுபடியும் அதே உத்தியோகத்தரின் மேசைக்குப் போனேன். இன்னொரு இரண்டு வரிக் கடிதம். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. ஒப்பந்தம் எங்களுக்குக் கிடைத்தது. இரண்டு மாதத்தில் அல்ல, எட்டு மாதத்தில். பெயர் நீக்குவதானால் இரண்டு பேர் நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் நீக்க வேண்டும் என்று அதில் ஒரு விதி இருக்கிறது. அது பெரிய தொல்லை என்று நீங்கள் இப்போது முணுமுணுக்கிறீர்களாம். முணுமுணுங்கள். ஆனால் போய்ப் பாருங்கள்.

திருத்திய பட்டியலின் பிரதியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சின்னையா கட்டிலில் சாய்ந்திருந்தார். கண்ணாடி இல்லாமல் அவரால் வாசிக்க முடியாது. பட்டியலில் அவர் வரியைத் தேடி விரலை வைத்து, பெயரையும் தோட்டத்தையும் லயத்து இலக்கத்தையும் வாசித்துக் காட்டினேன்.

பட்டியலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ், தொந்தரவுன்னு நெனைக்காதீங்க. இன்னொருக்கா வாசிங்க."

வாசித்தேன்.